மேடையில் சோடி, தரையில் தனித்தனி: தோட்டத்துக் கூத்தில் இருந்து பட்டணத்து நாடகம் வரை

லகாட், பாப்பான், பூசிங், பத்து காஜா வட்டாரத்தில் வயதான கணவன் மனைவியைத் தனித்தனியே அழைத்து, தோட்டத்தில் கூத்து பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் இருவரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். கணவர் கூட்டாளிகளின் பெயரைச் சொல்வார். மனைவி அக்கா, நாத்தனார், பக்கத்து லயத்து அம்மா என்று சொல்வார். ஒருவர் பெயரை மற்றவர் சொல்ல மாட்டார். ஒரே திடலில், ஒரே கேஸ் லைட்டு வெளிச்சத்தில், ஒரே கூத்தை இருவரும் விடிய விடியப் பார்த்திருப்பார்கள். ஆனால் சேர்ந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்களும் பிள்ளைகளும் ஒரு பக்கம் என்பதுதான் அப்போதைய வழக்கம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கூத்துகளும் நாடகங்களும் ஏறக்குறைய எல்லாமே கணவன் மனைவி கதைகள். அரிச்சந்திரன் சந்திரமதி, சத்தியவான் சாவித்திரி, நளன் தமயந்தி, கோவலன் கண்ணகி, அர்ச்சுனன் பவளக்கொடி, முருகன் வள்ளி, மன்மதன் ரதி. அரசன் போருக்குப் போன கதையை விட, கட்டியவளை விற்ற கதையும், எமனோடு வாதாடிப் புருஷனை மீட்ட கதையும்தான் நம்மவர்களை விடியும் வரை விழித்திருக்க வைத்தன. மேடையில் சோடி, தரையில் தனித்தனி என்றே பல தலைமுறைகள் கழிந்தன.

இப்போது நிலைமை வேறு. பிள்ளைகள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். கோவில் திருவிழா நடனமோ ஈப்போவில் ஒரு அரங்கேற்றமோ நாட்டிய நாடகமோ என்றால் இருவரும் கிளம்பிப் போய்ப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறார்கள். அப்படிப் போகிறவர்களுக்கு எதிரே ஆடுவது என்ன, அந்த வேடம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்திருந்தால் பார்ப்பதில் ருசி கூடும். அதற்குத் தோட்டத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

பால்வெட்டுத் தொழிலாளிக்கு இரவுக் கூத்து லேசான செலவு அல்ல. விடியுமுன் எழுந்து பிரட்டுக்கு நிற்க வேண்டும், வெயில் ஏறுமுன் மரத்தை வெட்டி முடிக்க வேண்டும். விடியும் வரை கண்விழித்தால் மறுநாள் சம்பளம் போகும். ஆகவே மாரியம்மன் திருவிழா, சம்பள விடுமுறை என்று நாள் பார்த்துத்தான் கூத்து வைப்பார்கள். வேடம் கட்டுகிறவர்களும் வெளியூர்க்காரர்கள் அல்ல. பகலில் மங்கில் பால் சேர்ப்பவர் இரவில் துரியோதனன். வாத்தியார் என்று ஒருவர் இருப்பார். பாட்டும் வசனமும் அவருக்கு மனப்பாடம். யாருக்கு எந்த வேடம் என்று அவர்தான் முடிவு செய்வார். பெண் வேடத்தையும் ஆண்களே கட்டினார்கள். சந்திரமதி ஒப்பாரி வைக்கும்போது பெண்கள் பக்கம் அழுகை கேட்கும். அழுதது பக்கத்து லயத்து அண்ணனின் குரலைக் கேட்டுத்தான்.

காமன் கூத்து

இந்தக் கூத்துகளில் கணவன் மனைவிக்கே உரியது காமன் கூத்து. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பொன்னர் சங்கர், அர்ச்சுனன் தபசு ஆகியவற்றோடு சேர்த்து மூன்று பெரிய கூத்துகளில் ஒன்றாக அது இன்றும் எண்ணப்படுகிறது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் மலையகத்துக்கும் ஆள் சேர்த்த கங்காணிகள் சென்ற மாவட்டங்கள் பல ஒன்றேதான். திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆற்காடு என்று அங்கிருந்து கப்பல் ஏறியவர்கள் துணி மூட்டையோடு பாட்டையும் கொண்டு வந்தார்கள்.

கதை சிறியது. தவத்தில் இருக்கும் சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். போகாதே என்று ரதி தடுக்கிறாள். அவன் கரும்பு வில்லில் மலரம்பைத் தொடுக்கிறான். நெற்றிக்கண் திறக்கிறது, மன்மதன் சாம்பலாகிறான். ரதி அழுது புலம்பி வரம் கேட்கிறாள். மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை வாக்கில் ஊருக்கு நடுவே காமன் கம்பம் நடுவார்கள். அன்றிலிருந்து பௌர்ணமி வரை நாள்தோறும் ஆட்டம். ரதி மன்மதன் கல்யாணமும் முறையாக நடக்கும். தகனம் நடக்கும் இரவில் ஈஸ்வரன், தட்சன், வீரபத்திரன், எமன், தூதன் என்று வேடங்கள் வரிசையாக இறங்கும். ரதியும் மன்மதனும் வீடு வீடாக ஆடிக்கொண்டு போவார்கள். பார்க்க யாரும் திடலுக்குப் போக வேண்டியது இல்லை. கூத்தே வாசலுக்கு வரும். வீட்டு வாசலில் கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று பார்த்த கூத்து அநேகமாக இது ஒன்றுதான்.

தகனத்தோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. மராட்டியர் ஆட்சியில் தஞ்சைக்கு வந்த லாவணிப் பாட்டில் இரண்டு கட்சிகள் உட்கார்ந்து வாதம் செய்யும். மன்மதன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி, எரியவில்லை என்பது எரியாத கட்சி. ஒரு கட்சி பாட்டில் கேள்வி போடும், மற்றது பாட்டிலேயே பதில் சொல்லும். ஆசை எரிந்துபோனால் உலகத்தில் பிள்ளை எப்படிப் பிறக்கிறது என்று எரியாத கட்சி கேட்டால், எரிந்த கட்சி புராணத்தை எடுத்துப் போடும். வழக்கு தீராது. அடுத்த வருடம் மீண்டும் அதே இடத்தில் தொடங்கும்.

முடிவையும் கவனிக்க வேண்டும். மன்மதன் உயிர் பெறுகிறான். ஆனால் புராணத்தின்படி அவன் உருவம் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அரிச்சந்திரன் கதையிலும் இதைப் போல ஒன்று உண்டு. பாம்பு கடித்து இறந்த மகனை எரிக்கச் சுடுகாட்டுக்கு வருகிற பெண்ணிடம் காவல்காரனான அரிச்சந்திரன் கூலி கேட்கிறான். ஒன்றும் இல்லை என்கிறாள். கழுத்தில் தாலி இருக்கிறதே என்கிறான். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி வரம் பெற்றது. அதைக் கொண்டுதான் எதிரே நிற்பவன் யார் என்று சந்திரமதி தெரிந்துகொள்கிறாள். மயான காண்டத்தின் உயிர் இந்த ஓர் இடத்தில் இருக்கிறது. இதைத் தவறவிட்டவர்களுக்கு மீதி வெறும் அழுகையாகத்தான் தெரியும். காந்தியடிகள் சிறுவனாக இருந்தபோது பார்த்து மனத்தைப் பறிகொடுத்த நாடகமும் அரிச்சந்திரன்தான். அதைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

மரக் கிரீடமும் வெல்வெட் கோட்டும்

வேடத்துக்கு வருவோம். மேடையில் ராஜா என்றவுடன் நம் கண்ணில் நிற்பது சரிகை பதித்த வெல்வெட் கோட்டு, பளபளக்கும் கிரீடம், கூர்முனைச் செருப்பு. ராஜராஜ சோழன் அப்படித்தான் இருந்தான் என்று பல பேர் நம்புகிறார்கள். இருந்திருக்க முடியாது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளையும் தஞ்சைப் பெரிய கோவிலின் உட்சுற்றில் உள்ள ஓவியங்களையும் பார்த்தால் மேலாடை இல்லாத உடம்பு, மெல்லிய அரையாடை, நகைகள் என்றுதான் ஆண்களும் பெண்களும் தெரிகிறார்கள். தஞ்சாவூர் வெயிலுக்கு அதுதான் சரி. வெல்வெட் கோட்டை மாட்டிக்கொண்டு கடாரத்துக்குக் கப்பல் ஏறியவன் யாரும் இல்லை.

அப்படியானால் அந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது? பம்பாயில் இருந்து. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சுற்றின. வரைந்த திரைகள், ஆர்மோனியம், தந்திரக் காட்சிகள், மினுமினுக்கும் உடைகள் எல்லாம் அவர்களுடைய சரக்கு. தமிழ்நாட்டு நாடகக் குழுக்கள் அதைப் பார்த்து மாறின. அவர்கள் நம் கடல் பக்கமும் வந்தார்கள். பினாங்கில் பார்சி நாடகங்களைப் பார்த்த மாமாக் புஷி என்பவர் 1885 வாக்கில் அதே பாணியில் மலாய் மொழியில் ஒரு குழுவைத் தொடங்கினார். மலாய்க்காரர்களின் பங்சாவான் நாடகம் பிறந்தது அப்படித்தான். ஆக, தோட்டத்து நாடகத்து ராஜபார்ட்டின் கோட்டும் பங்சாவான் சுல்தானின் கோட்டும் ஒரே தையல்காரர் வீட்டுப் பங்காளிகள். அடுத்த முறை பங்சாவான் நடந்தால் நம்மவர்கள் தயங்காமல் போகலாம். பாதி புரிந்துவிடும்.

தெருக்கூத்தின் வேடம் இதற்கு முந்தியது. கனம் குறைந்த மரத்தில் செதுக்கிய கிரீடம், தோளில் புஜகீர்த்தி, மார்பில் பதக்கம், எல்லாவற்றிலும் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள். தீவட்டி வெளிச்சம் பட்டால் ஆடுகிறவனைச் சுற்றி வெளிச்சம் தெறிக்கும். இடுப்பைச் சுற்றிக் கட்டிய துணிகள் விரிந்து ஆளை இரண்டு மடங்கு அகலமாக்கும். பெரிய வேடம் ஒரேயடியாக வந்து நிற்காது. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடி, தலையை மட்டும் காட்டி, மறைந்து, பிறகுதான் வெளியே வரும். கட்டியங்காரன் அதற்கு முன்பே வந்து கேலி பேசி, கதையையும் சொல்லி, தூங்கும் பிள்ளைகளையும் எழுப்பிவிட்டிருப்பான். முகத்தில் பூசும் நிறத்துக்கும் கணக்கு உண்டு. ஆளைப் பார்த்த உடனே குணம் தெரிய வேண்டும்.

வேடத்தின் பலத்துக்கு நாடக உலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867 - 1922) இளமையில் எமன் வேடம் கட்டுவாராம். சாவித்திரி நாடகத்தில் அவர் எமனாக வந்து போட்ட கூச்சலில், பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிட்டது, அதன் பிறகு அவர் வேடம் கட்டுவதையே விட்டு எழுதவும் கற்றுக்கொடுக்கவும் போய்விட்டார் என்று சொல்வார்கள். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாக வந்து சேர்ந்தார்கள். அவர்களே பின்னாளில் அரு. ராமநாதன் எழுதிய 'ராஜராஜ சோழன்' நாடகத்தைப் பெரிய அளவில் மேடையேற்றினார்கள். 1973இல் சிவாஜி கணேசன் நடித்துத் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக வந்தது அந்த நாடகம்தான்.

ராஜராஜனைப் பற்றிய நாடகம் அதற்கும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆடப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. தஞ்சைப் பெரிய கோவிலில் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் கொடுக்க ஏற்பாடு செய்கிறது. அதற்கு முன் ராஜராஜன் அந்தக் கோவிலுக்கென்று 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்தான். அவர்களின் பெயரும் வீட்டின் வரிசையும் கல்லில் வெட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. நாடகத்தின் வசனம் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. கூலிக் கணக்கு மட்டும் மிஞ்சியது.

பரதநாட்டிய உடை பழையதா என்று கேட்டால் பதில் ஆச்சரியமாக இருக்கும். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று அரங்கேற்றத்தில் வரும் வரிசை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் அமைத்தது. ஆனால் விசிறி மடிப்போடு தைத்துப் போடும் இன்றைய உடை 1930களில், ருக்மிணி தேவி மேடையேறிக் கலாக்ஷேத்திராவை (1936) நிறுவிய காலத்தில் உருவானது. அதற்கு முன் ஆடியவர்கள் சேலையையே ஆட்டத்துக்கு ஏற்பக் கட்டிக்கொண்டார்கள். ஆக, நம் பேத்திகள் அரங்கேற்றத்தில் உடுத்தும் 'பழங்கால' உடை 1917இல் கட்டிய ஈப்போ ரயில் நிலையத்தை விட வயதில் சின்னது. அதனால் அழகு குறைந்துவிடப் போவதில்லை. ஆனால் ஆயிரம் ஆண்டுப் பழைமை என்று மேடையில் ஒலிபெருக்கியில் சொல்லும்போது சிரித்துக்கொள்ளலாம்.

வேடமும் காலமும் கலந்து நிற்பதைப் பார்க்க லகாட் பக்கத்து ஆட்களுக்கு ஒரு நல்ல இடம் அருகிலேயே இருக்கிறது. பத்து காஜாவில் கெல்லி மாளிகைக்குக் கொஞ்ச தூரத்தில் உள்ள மாரியம்மன் கோவில், வில்லியம் கெல்லி ஸ்மித் துரை தம் தமிழ்த் தொழிலாளர்களுக்காகக் கட்டித் தந்தது. தொழிலாளர்கள் நோயில் விழுந்த காலத்தில் கோவில் கேட்டார்கள் என்று சொல்வார்கள். அதன் மேலே சாமிகளுக்கு நடுவே வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட துரை சிலையும் நிற்கிறது. சுற்றுலாக்காரர்கள் மாளிகையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கோவிலுக்கும் போய் அண்ணாந்து பார்ப்பது நல்லது. 

மேடைக்கு வந்த சோடிகள்

ஆண்களே பெண் வேடம் கட்டிய நாடகத்தில் பெண்கள் நுழைந்தபோது கணவனும் மனைவியும் சேர்ந்து நடிப்பதும் வந்தது. அதில் யாரும் மறக்க முடியாத சோடி எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும். இருவரும் சேர்ந்தது கடல் தாண்டி வந்த இடத்தில், கொழும்பில். 1926 வாக்கில் சுந்தராம்பாள் அங்கே நாடகம் நடத்திக்கொண்டிருந்தார். கிட்டப்பாவும் வந்து சேர்ந்தார். மறு ஆண்டு திருமணம். வள்ளி திருமணத்தில் இருவரும் பாட்டுக்குப் பாட்டு போட்டால் கொட்டகை கொள்ளாது. வாழ்க்கை அப்படி அமையவில்லை. பிரிவு வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாள் அன்று முதல் வெள்ளைச் சேலைதான் உடுத்தினார், வேறு ஆணோடு சோடியாக நடிக்க மாட்டேன் என்று இருந்துவிட்டார். 1935இல் வந்த 'நந்தனார்' படத்தில் அவர் கட்டியது ஆண் வேடம். சம்பளம் 1 லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத தொகை.

நம் நாட்டிலும் மேடையைக் கணவன் மனைவியாகத் தாங்கியவர்கள் உண்டு. கோபால் ஷெட்டி, ராதா ஷெட்டி தம்பதியும் சிவதாஸ், வத்சலா தம்பதியும் கோலாலம்பூரில் நடனம் கற்றுக்கொடுத்து ஒரு தலைமுறையை உருவாக்கியவர்கள். சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981இல் தொடங்கிய நுண்கலைக் கோவில் அமைப்பு அவர்களின் உழைப்பில்தான் எழுந்தது. மலாய்க் கதையான மசூரியையும் நாட்டிய நாடகமாக ஆடியவர்கள் அவர்கள். இன்னொரு சோடி பரிதா மெரிக்கனும் ஜோ ஹஷாமும். 1989இல் நாடகக் குழு தொடங்கினார்கள். மெர்டேக்கா சதுக்கத்துக்குக் கீழே இருந்த அவர்களுடைய அரங்கம் 2003 வெள்ளத்தில் மூழ்கியது. விட்டுவிடவில்லை. 2005இல் செந்தூலில், பழைய மலாயா ரயில்வே பணிமனை வளாகத்தில் கோலாலம்பூர் கலையரங்கம் திறந்தது. செந்தூல் ரயில்வேயில் வேலை பார்த்த தமிழர்களின் பிள்ளைகள் இன்று அங்கே நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள்.

ஒடிசி நடனத்துக்குப் பெயர் பெற்ற சூத்ரா குழுவை 1983இல் தொடங்கியவர் ரம்லி இப்ராகிம் என்ற மலாய்க்காரர். இந்திய அரசு 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. அவருடைய ஆட்டத்தைப் பார்க்காமல், நம் கலை அழிகிறது என்று மட்டும் பேசிக்கொண்டிருப்பது சரியல்ல.

வெளிநாட்டில் இதை வேறு விதமாகச் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பழங்கால நடனச் சங்கங்கள் உண்டு. 1651இல் ஜான் பிளேபோர்டு அச்சிட்ட நடனப் புத்தகத்தில் உள்ள ஆட்டங்களை, அந்தந்தக் காலத்து உடையைத் தாங்களே தைத்துப் போட்டுக்கொண்டு, சோடி சோடியாக ஆடுவார்கள். ஓய்வு பெற்ற தம்பதிகளுக்கு அது பெரிய பொழுதுபோக்கு. இன்று நடனம், நாளை நாடகம் என்று வருடம் முழுக்க நாள் குறித்து வைத்திருப்பார்கள். அங்கே பார்க்க வருகிறவரே வேடம் போடுகிறார். நம்மிடம் அப்படி இல்லையே என்று சொல்ல முடியாது. திருச்செந்தூர் பக்கம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோவில் தசராவில் ஆயிரக்கணக்கானவர்கள் காளி, ராஜா, குறவன், குறத்தி, போலீஸ்காரர் என்று வேடமிட்டு வருகிறார்கள். அது வேண்டுதல். அம்மனுக்கு நேர்ந்துகொண்டால் கூச்சம் போய்விடுகிறது.

தோட்டம் உடைந்தபோது

தோட்டத்துக் கூத்து ஏன் நின்றது என்பதற்கு டிவி வந்தது, வீடியோ வந்தது என்று காரணம் சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். கூத்துக்கு ஒரு வாத்தியார், பத்துப் பதினைந்து ஆட்கள், ஒத்திகைக்கு ஒரு கொட்டகை, ஆடத் திடல், பார்க்க ஒரே இடத்தில் குடியிருக்கும் சனம் ஆகிய அத்தனையும் வேண்டும். 1950களில் இருந்து வெள்ளைக்காரர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது உடைந்தது முதலில் இந்தக் கூட்டம்தான். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து நிலம் வீடமைப்புத் தாமான்கள் ஆனது. சனம் புந்தோங்குக்கும் மெங்கிளம்புக்கும் லகாட்டுக்கும் அதற்கு அப்பாலும் பிரிந்து போனது. எமன் ஒரு தாமானிலும் சாவித்திரி இன்னொரு தாமானிலும் குடியிருந்தால் ஒத்திகை எங்கே நடப்பது?

மரக் கிரீடங்கள் பல கரையான் தின்று போயின. பாட்டு நோட்டுகள் இருந்தால் அவை வாத்தியார் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். கூத்து பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், வேடம் கட்டியவர்கள் கைவிரலில் எண்ணும் அளவுக்குத்தான் இருப்பார்கள். ரதி வேடம் கட்டிய தாத்தா வீட்டில் இருந்தால் கைப்பேசியை அவர் பக்கத்தில் வைத்துப் பாடச் சொல்லலாம். தொண்டை சரியில்லை என்பார். வசனமாகச் சொன்னாலும் போதும். தாத்தாவின் பாட்டைக் கேட்டு, அந்த இரவில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி அடுத்த அடியை எடுத்துக் கொடுப்பார். பார்வையாளர் பக்கத்து மனப்பாடமும் ஒரு நோட்டுப் புத்தகம்தான்.

எங்கே, எப்படிப் போவது

செலவில்லாமல் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நவராத்திரிதான் நல்ல காலம். கோவில்களில் அந்த இரவுகளில் நடனப் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவார்கள். சிறு பிள்ளைகளின் ஆட்டத்தில் பிழை இருக்கும், ஆனால் அடவு என்றால் என்ன, அபிநயம் என்றால் என்ன என்று பார்த்துப் பழக அதைவிட நல்ல இடம் இல்லை. மாரியம்மன் திருவிழாக்களிலும் தைப்பூசத்தில் புந்தோங்கில் இருந்து கல்லுமலைக்குப் போகும் ஊர்வலத்திலும் காவடிகளோடு ஆட்டமும் மேளமும் உண்டு.

அரங்கேற்றத்துக்கு அழைப்பு வந்தால் வர்ணம் முடியும் வரையாவது இருக்க வேண்டும். அதுதான் நிகழ்ச்சியின் நடு. முக்கால் மணி நேரம் கூடப் போகும். பிள்ளை மூச்சு வாங்க ஆடிக்கொண்டிருக்கும்போது எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போவது நம்மவர்களின் கெட்ட பழக்கங்களில் ஒன்று. வர்ணத்தில் நாயகி நாயகனுக்காக ஏங்குவது வரும். ஒரே வரியைப் பத்து விதமாக அபிநயத்தில் காட்டுவார்கள். கதை நகரவில்லையே என்று சிலருக்கு அலுப்பு வரும். அடுத்து என்ன நடக்கும் என்று தேடாமல், அதே வரியை இந்த முறை எப்படி மாற்றினாள் என்று பார்க்கப் பழகினால் அலுப்பு போய்விடும். லாவணியில் அதே வழக்கை ஆண்டுதோறும் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல.

பெரிய நாடகங்களுக்குக் கோலாலம்பூர்தான் போக வேண்டும். ஈப்போவில் இருந்து இ.டி.எஸ். ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரப் பயணம். பிற்பகல் காட்சியாகப் பார்த்துப் பதிவு செய்தால் அன்றே திரும்பலாம். இரவுக் காட்சி என்றால் பிள்ளைகள் வீட்டில் தங்க வேண்டி வரும், அதையே ஒரு சாக்காக வைத்துக்கொள்ளலாம். பிரிக்பீல்ட்ஸில் நுண்கலைக் கோவில் வளாகத்தில் உள்ள அன்னலட்சுமி உணவகத்தில் சாப்பிடலாம். செந்தூல் அரங்கில் பெரும்பாலும் ஆங்கில, மலாய் நாடகங்கள்தான். மொழி தெரியவில்லை என்று தயங்குகிறவர்கள் முதலில் இசை, நடனம் கலந்த நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஒரு முக்கியமான விஷயம் வயதானவர்களின் முழங்கால். அரங்குகளில் படி அதிகம். நுழைவுச்சீட்டு வாங்கும்போதே ஓரத்து நாற்காலி இரண்டு வேண்டும் என்று கேட்டு வாங்கலாம். காது மந்தமானவர் மேடைக்கு அருகில் இருக்க வேண்டும், ஒலிபெருக்கிக்கு அருகில் அல்ல. காட்சி தொடங்கியபின் கதவை மூடிவிடுவார்கள், கூத்தைப் போல நடுவில் வந்து சேர முடியாது. தூங்கிவிட்டால் எழுப்புவதற்குக் கட்டியங்காரனும் அங்கே கிடையாது. அந்த வேலையைப் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.